பேரிகை ரோட்டில் வெள்ளை லைட்

மார்கழியில் பேரிகை ரோட்டில் விடியற்காலை வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே ரோடு இருக்கிறது என்று நம்பித்தான் போக வேண்டும். கண்ணால் பார்த்துப் போவதெல்லாம் வெயில் ஏறிய பிறகு. பனி ஏரியிலிருந்து எழுந்து, தக்காளித் தோட்டத்துக் குச்சிகளைத் தாண்டி வந்து, தார் ரோட்டின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். ஸ்கூட்டரோடு அதற்குள் நுழைந்தால் முதலில் ஊர் மறையும், அப்புறம் மரங்கள் மறையும், கொஞ்ச தூரம் போனதும் சத்தமும் மறைந்துவிடும். என் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். ஸ்வெட்டருக்கு மேல் சுற்றிய துப்பட்டா நனைந்து கன்னத்தில் ஒட்டும். எனக்கு அது பிடிக்கும். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால், அந்தக் குளிரில் என்ன பிடிக்குமாம் இவளுக்கு என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் சாமந்திக்கு ராத்திரியில் பல்பு போடுவோம். இருட்டு நீண்டால் சாமந்தி மொட்டு வைத்துவிடும். தலைக்கு மேல் வெளிச்சம் இருந்தால், பகல் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டிய பண்டிகைக்குப் பூக்க வைக்க அதை அப்படித்தான் ஏமாற்ற வேண்டும். வரிசை வரிசையாகக் கம்பி இழுத்துப் பல்பு தொங்கவிட்டிருக்கும் தோட்டங்களில், சில பேர் விடிந்தும் அணைக்க மாட்டார்கள். பனிக்குள் போகும்போது இடது பக்கம் திடீரென்று மஞ்சளாக ஒரு வெளிச்சம் கசியும். தரையும் தெரியாது, பல்பும் தெரியாது. பனியே உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் என் கை தானாக ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் தளர்த்தும்.

பஸ் என்றால் கம்பெனி பஸ். பேரிகைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்கிருந்து சூளகிரி வரைக்கும் ஸ்கூட்டர். சூளகிரியில் ஹைவே ஓரம் டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு முதல் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிப்பேன். ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி. ஒரு காருக்குள் ஓடுகிற வயர் முழுவதையும் பலகை மேல் விரித்து, கிளை கிளையாகப் பிரித்து, டேப் சுற்றி அனுப்புவோம். திருநெல்வேலிப் பெண், திருவண்ணாமலைப் பெண், ஒடிசாவிலிருந்து வந்த பெண், தெலுங்கு பேசுகிறவள், கன்னடம் பேசுகிறவள் எல்லோரும் ஒரே பலகையைச் சுற்றி நிற்போம். நான் அந்த லைனுக்கு லீடர். வீட்டில் நான் ஒருத்தருக்கு மனைவி, பர்கூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒருத்திக்கு அம்மா. லைனில் நான் நான்தான். அந்த வேலை இல்லாமல் என்னால் இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நாங்கள் கட்டுகிற வயரில் ஃபாக் லைட்டுக்கு என்றே ஒரு சின்னக் கிளை போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஃபாக் லைட் பனிக்காக வைத்தது. பம்பரில் தாழ உட்கார்ந்து, தரையைப் பார்த்து எரிய வேண்டியது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஆயுத பூஜைக்கு வண்டி முன்னால் பூசணிக்காய் உடைக்கிற கையோடு, கடையில் வாங்கின வெள்ளை லைட் ரெண்டையும் ஏற்றிவிடுகிறார்கள். பற்றாது என்று இன்னும் ரெண்டு. ஒன்றும் தரையைப் பார்க்காது. எதிரே வருகிறவன் மூஞ்சியைப் பார்க்கும். பனி இருக்கிறதோ இல்லையோ, நிலா காய்கிறதோ, பட்டப்பகலோ, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அத்திப்பள்ளி, ஜூஜுவாடி தாண்டி சனி ஞாயிறு ஊர் சுற்ற வருகிற பெங்களூர்க் கார்களும் அப்படித்தான், எங்கள் ஊர் தக்காளி வண்டிகளும் அப்படித்தான். அடப் பாவிகளா, உங்களுக்கு ரோடு தெரிந்தால் போதுமா, எதிரே வருகிறவர்கள் மனிதர்கள் இல்லையா?

பனியில் அந்த வெள்ளை லைட் அடித்தால் வெளிச்சம் பனியை ஊடுருவிப் போகாது. பனி சுவராகிவிடும். வெள்ளையடித்த சுவர் ஒன்று நேராக நம் முகத்துக்கு வரும்.

அப்படி ஒரு சுவர் வந்துதான் நான் விழுந்தேன். ஏரிக்கரை வளைவில் ஒரு கார் நான்கு லைட்டும் போட்டுக்கொண்டு வந்தது. எனக்கு ரோட்டின் ஓரம் எது, நடு எது என்று எதுவும் தெரியவில்லை. இடது பக்கம் ஒடித்தேன். வண்டி கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. முழங்கையில் தோல் உரிந்து, முழங்கால் வீங்கி, நான் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். கார் நிற்கக்கூட இல்லை. அது போனதும் பனி திரும்ப வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, என்னை மூடிக்கொண்டது.

வீட்டில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. எதிரே கார் வந்தது என்று சொன்னால் அன்றைக்கே வண்டிச் சாவி என் கைக்கு வராது. "பனியில ரோடு தெரியல, இறங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாமந்தியோடும் மோட்டாரோடும் பேசுவதே அவருக்குப் போதும். அன்றைக்கு என் முழங்கையில் மருந்து வைத்துவிட்டு, கையை விடாமல் சொன்னார்.

"இன்னொரு தடவ விழுந்தேன்னு வெச்சுக்கோ, கம்பெனிய விட்டுடணும். ஷிப்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கைமேல அடிச்சு சொல்லு."

"இதுக்கெல்லாமா சத்தியம் கேப்பாங்க?"

"அடி."

அடித்தேன். வலிக்கிற கையால்தான் அடித்தேன். அன்றிலிருந்து அந்த ரோட்டில் நான் ஓட்டியது ஸ்கூட்டரை இல்லை, என் வேலையை. ஒரு சறுக்கல் சறுக்கினால் லைன் போச்சு, பலகை போச்சு, என்னைச் சுற்றி நிற்கிற அந்தப் பெண்கள் போச்சு. அவர் என்னவோ நான் விழுவதற்காகக் காத்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. சாயந்திரம் நான் வண்டியை நிறுத்தும்போது திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். இண்டிகேட்டரிலிருந்து என் செருப்பு வரைக்கும் போகும் அந்தப் பார்வை. எங்காவது மண் ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார் என நினைத்துக்கொள்வேன். மனசு கசந்து போகும்.

இந்த லட்சணத்தில், விழுந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, புதிதாக ஒரு வெள்ளை லைட் முளைத்தது. தினமும் அதே ஏரிக்கரைப் பக்கம். தூரத்தில் ஒன்றும் இருக்காது. பனி பாட்டுக்கு மெத்தென்று இருக்கும். திடீரென்று நான்கு சூரியன்கள். நான் வண்டியை ஓரம் கட்டி, காலை ஊன்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அது என்னைத் தாண்டுகிறவரை வாயில் வந்ததெல்லாம் திட்டுவேன். உன் பேட்டரி தீய, உன் வயர் கருக, நீ போற ரோட்டில் உனக்கு எதிரே உன்னை மாதிரியே ஒருத்தன் வர! பக்கத்தில் வரும்போது அது வேகத்தைக் குறைக்கும். அது இன்னும் கோபத்தைக் கிளப்பும். நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகிறானே என்று.

ராத்திரி கனவிலும் அது வர ஆரம்பித்தது. கனவில் அது ஒன்றும் செய்யாது. வெள்ளையாக நிற்கும். நான் பலகையில் வயர் கட்டிக்கொண்டிருப்பேன். வயர் நீண்டுகொண்டே போய் அந்த வெள்ளைக்குள் நுழையும். மறுமுனையை யாரோ மெதுவாக இழுப்பார்கள்.

ஒரு நாள் டீக்கடை பாயிடம் கேட்டேன். அவர் அடுப்பு பற்ற வைத்த நேரத்திலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"பாய், நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நாலு வெள்ள லைட் போட்டுக்கிட்டு பேரிகைப் பக்கம் ஒரு வண்டி போகுதே, எவனோடது அது?"

"நாலு லைட்டா? உனக்கு முன்னாடி அந்த ரோட்ல திரும்பினது ஒரே வண்டிதாம்மா. பூ வண்டி. சென்னை லாரிக்கு மூட்டை ஏத்திட்டு, இங்க டீ குடிச்சிட்டுத்தான் போறான்."

"எங்க பூ எடுக்கற வண்டியா?"

"அதான். அதுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. அதுவும் அழுது வடியும். அதுலயே தடவித் தடவிப் போறான். நாலு லைட்டெல்லாம் நான் பாத்ததில்ல."

அந்தப் பூ வண்டிக்காரன் தெலுங்கு பேசுகிற பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தை இருக்கிறது. சாயந்திரம் வந்து எங்கள் சாமந்தி மூட்டையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு, "அக்கா, தண்ணி குடுங்க" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவன். டீக்கடையில் அணைந்திருக்கிற லைட் ஏரிக்கரையில் எப்படி எரியும்? எனக்கென்றே போடுகிறானா? நான் அவனுக்கு என்ன கெடுதல் செய்தேன்?

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினேன். ஏரிக்கரை வளைவில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்துவிட்டு நின்றேன். பனி இலையில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக ஹெல்மெட்டில் விழுந்தது. ஏரிக்குள் ஒரு பறவை இரண்டு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த அமைதியில் கோபப்படுவதே கஷ்டமாக இருந்தது. வம்புக்கு நிற்கிறோம் என்பதை மறந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அப்புறம் அது வந்தது. பாய் சொன்னது சரி. ஒற்றைக் கண்ணில் மங்கலாக, மஞ்சளாக, நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் ரோட்டோரப் புல் தெரிந்தது, வெள்ளைக்கோடு தெரிந்தது. அழகாகக்கூட இருந்தது. நான் என் ஸ்கூட்டர் லைட்டைப் போட்டேன்.

போட்ட அடுத்த நொடி, நான்கு சூரியன்கள்.

"டேய்! அணைடா!" என்று நான் கத்திய கத்தலில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்திருக்கும். பிரேக் சத்தம் கேட்டது. கதவு திறந்து, அவன் ஓடி வந்தான்.

"தேவுடா! அக்கா, விழுந்துட்டீங்களா?"

"விழல. நீ விழ வெக்கப் பாக்கற. என்னப் பாத்ததும் எதுக்குடா லைட் போடற?"

"உங்களுக்குத்தாங்க்கா போடறேன்."

"எனக்கா?"

"ஆமாங்க்கா. உங்க லைட்டப் பாத்ததும் நாலும் போட்ருவேன், நீங்க தாண்டினதும் அணைச்சிடுவேன். ரோடு நல்லாத் தெரியட்டும்னு. அண்ணன்தான் சொன்னாரு."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டு அண்ணன். நீங்க விழுந்தீங்கல்ல, அதுக்கு மறுநாளு. ஓசூர் போயி லைட் வாங்கிட்டு வந்து, அவரே உக்காந்து மாட்டினாரு. 'எம் பொண்டாட்டி அந்த ரோட்ல வருவா, பாத்தா கொஞ்சம் வெளிச்சம் காட்டுப்பா'ன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

நான் பம்பருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். சாமந்திச் செடிக்கு முட்டுக் கட்டுகிற பச்சை நூலால் வயரைக் கட்டியிருந்தது. முடிச்சுக்கு முடிச்சு தளர்ச்சி, டேப் பாதியில் நிற்கிறது. எங்கள் லைனில் இப்படிக் கட்டி அனுப்பினால் ரிஜெக்ட். ஆனால் அந்த முடிச்சை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தோட்டம் முழுக்க அந்த முடிச்சுதான்.

செடிக்கு என்ன வந்தாலும் பல்பு போட்டுப் பழகிய மனுஷன். பெண்டாட்டிக்கும் அதையே செய்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அந்தப் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனிமே போடாத."

"அண்ணன் கேட்டா?"

"அண்ணன நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு லைனில் என் கை வேலை செய்தது, மனசு ஏரிக்கரையிலேயே இருந்தது. ஷிப்ட் முடிந்து சாயந்திரம் வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அவர் ஸ்டூல் மேல் ஏறி, எரியாத பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன்.

"ஏங்க, என்னைக் கொல்லணும்னே லைட் வாங்கினீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கார் வந்தது, கண் கூசியது, வெளிச்சம் அதிகமாகித்தான் விழுந்தது, இருட்டில் இல்லை என்பது எல்லாம். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. கையில் ஒரு பல்பை வைத்துக்கொண்டே கேட்டார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா சாவியப் புடுங்கியிருப்பீங்க. இப்பவே நான் எப்படா விழுவேன்னுதான காத்துட்டிருக்கீங்க? தினம் சாயந்திரம் வண்டியில மண்ணு ஒட்டியிருக்கான்னு தேடறீங்களே, எனக்குத் தெரியாதா?"

அவர் முகம் மாறிவிட்டது.

"மண்ணு இருக்கக்கூடாதேன்னு பாக்கறேன்," என்றார். "விழுந்தா வேலைய விடணும்னு பெருசா நான்தான் சொல்லிட்டேன். சொன்ன ராத்திரியே பயம் புடிச்சுக்கிச்சு. நீ விழுந்து, வேலைய விட்டு, இந்த வீட்ல மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு உக்காந்தேன்னா, அத நான் எப்படிப் பாக்கறது? அதான் லைட்டு."

"அப்ப அந்தச் சத்தியம்?" என்று கேட்டேன்.

"சத்தியம் சத்தியந்தான். விழாமப் போ."

பிடிவாதம்! மனுஷனுக்குப் பயமும் போகாது, பிடியும் தளராது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதன் பிறகு அந்த ரோடு எனக்குப் பழையபடி கிடைத்தது. பூ வண்டி ஒற்றைக் கண்ணோடு வரும். தாண்டும்போது, "அக்கா, தெரியுதா?" என்று உள்ளிருந்து குரல் வரும். "தெரியுது, போ" என்பேன். ஆள் தெரியாது, குரல் மட்டும் பனிக்குள் தாண்டிப் போகும். மற்ற வண்டிகள் திருந்திவிட்டன என்று நினைக்காதீர்கள். அவை அப்படியேதான். இப்போதும் வாரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவராவது வரும். நிறுத்தி, கண்ணை மூடி, திட்டிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் நான் விழுந்தேன். லைட்டெல்லாம் ஒன்றும் இல்லை. பனிகூட அன்றைக்கு லேசுதான். முந்தின நாள் ஏதோ டிராக்டர் ஏகத்துக்கும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. திருப்பத்தில் தக்காளி கொட்டி, அதன் மேல் வண்டிகள் ஏறி நசுங்கிக் கூழாகக் கிடந்தது. முன் சக்கரம் அதில் ஏறியதும் என் வண்டி எனக்குக் கீழிருந்து நழுவிப் போய்விட்டது. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்து பார்த்தால் சுடிதார் முழுக்கச் சிவப்பு. ஒரு நொடி ரத்தம் என்று பதறி, வாசனை வந்ததும் தக்காளி என்று தெரிந்தது. வண்டிக் கண்ணாடி ஒடிந்து தொங்கியது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வலிக்காக இல்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்றுதான் அழுதேன்.

பூ வண்டி வந்து நின்றது. அவன் இறங்கி ஓடி வந்து, என்னைப் பார்த்து, தக்காளியைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, இப்ப லைட் போடலாமா?"

"போட்டுத் தொலை."

அந்த நான்கு வெள்ளை லைட் வெளிச்சத்தில் இருவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். பின்னால் வந்த இரண்டு பைக்குகளும் தக்காளியைப் பார்த்து ஒதுங்கிப் போயின. அன்றுதான் அந்த லைட் ஒரு வேலைக்கு ஆனது.

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேங்க்கா," என்றான் அவன். "கழுவிட்டா தெரியாது."

கழுவினால் தெரியாதுதான். பாய் கடையில் ஒரு வாளித் தண்ணீர் போதும். கம்பெனிக்குள் போனால் கோட் மாட்டிக்கொள்வேன், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஷிப்ட் முழுக்க அதையே நினைத்தேன். ஒடிசாப் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, தன் பங்கு டேப்பையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பலகையைக் கையால் தடவிக்கொண்டேன். நாளைக்கு இங்கே வேறு ஒருத்தி நிற்பாள்.

ஆனால் ஒளித்து வைத்து ஓட்ட எனக்கு மனமில்லை. எனக்காக லைட் மாட்டிய மனுஷனிடம் எப்படி ஒளிப்பது? கழுவாமலேயே வீட்டுக்குப் போனேன்.

அவர் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அந்தப் பார்வை இண்டிகேட்டரில் தொடங்கியது. தொங்குகிற கண்ணாடியில் நின்றது. அப்புறம் என் சுடிதாருக்கு வந்தது. எழுந்துவிட்டார்.

"விழுந்துட்டேன்," என்றேன். "ரத்தமில்ல. தக்காளி. ரோட்ல கொட்டியிருந்துச்சு."

அவர் கிட்டே வந்து என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கையையும் பார்த்தார். குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். டயர் பள்ளங்களுக்குள் தக்காளி விதை காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் ஒன்றைச் சுரண்டி எடுத்தார். அவர் எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தார் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

"தக்காளியெல்லாம் கணக்குல வராது," என்றார், தலையைத் தூக்காமல். "போய்க் குளி. காலைல ஷிப்ட் இருக்குல்ல, அதுக்குள்ள நான் கண்ணாடி மாத்தி வெக்கறேன்."